ஒண்ணாம் தேதி கடை கிடையாது

ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊர். திராட்சைத் தோட்டங்கள், ஒயின் கிடங்குகள், ஆற்றில் ஒரு பழைய படகு, ஞாயிறு சந்தை. அங்கே போகிறவர்களுக்குப் போனில் வழி சொல்வது என் வேலை, கேரளத்தில், கழக்கூட்டத்தில் ஒரு நாலாவது மாடியிலிருந்து. அந்த ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த பேக்கரியில் இறைச்சி பஃப்ஸ் நன்றாயிருக்கும் என்று கேளுங்கள், சொல்வேன். வலியசாலை அக்ரகாரத்துக்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

ஒருநாள் ஒரு அம்மாள் கேட்டார்: "எங்கள் கல்யாண நாள். ஒண்ணாம் தேதி வந்தால் ஒயின் ருசி பார்க்கலாமா?"

"ஒண்ணாம் தேதி கடை கிடையாது, மேடம்."

யோசிக்கவே இல்லை. வேலை முடிந்து நான் பஸ் ஏறும் இடத்தில் ஒரு மதுக்கடை உண்டு. வாசலில் வரிசை இல்லையென்றால் அன்று ஒண்ணாம் தேதி. கேரளம் முழுக்க அன்று மது விற்பனை கிடையாது. குடிக்காத எனக்கு அந்த வரிசைதான் காலண்டர். அந்த வாரம் கேட்ட எல்லோரிடமும் இதையே சொல்லியிருக்கிறேன்.

ரெண்டாம் தேதி காலையில் டீம் லீட் வந்தாள். மலையாளிப் பெண், என் வயதில் பாதி.

"சேட்டா, தோட்டத்துக்காரங்க மேசை போட்டுக் காத்திருந்தாங்களாம். ஒருத்தரும் வரலை. கடை அடைப்புன்னு ஆரு பறஞ்சது? பதினொண்ணுக்கு அந்த ஊர் க்ளையன்ட் போன்ல விளிப்பார். சேட்டன் தன்னே சொல்லணும். கான்ட்ராக்ட் போனா எல்லாரும் வீட்டுக்கு."

பயம் வந்திருந்தால்கூடத் தேவலை. பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி உடம்பு முழுக்க மரத்துவிட்டது. டப்பாவில் இருந்தது இட்லியா, மேசை துடைக்கும் ஸ்பாஞ்சா என்று தெரியாமல் மென்றேன். மனைவியைக் கூப்பிட்டேன்.

"வேலை போயிடும் போலிருக்கு."

"என்ன பண்ணினேள்?"

"ஒரு ஊரையே மூடிட்டேன்."

"சரி, வரச்சே கறிவேப்பிலை வாங்கிண்டு வாங்கோ."

பதினொரு மணிக்கு உள்ளதைச் சொன்னேன்: எங்கள் ஊர் வழக்கம், வாய் தவறிவிட்டது. லீட் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லா மாசமுமா?" என்றார் க்ளையன்ட், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"எல்லா மாசமும், சார்."

"ஐயோ பாவம். எங்கள் ஊரையாவது திறந்து வையுங்கள்."

"ரக்ஷப்பெட்டு, சேட்டா, தப்பிச்சோம்" என்று லீட் நாற்காலியில் சரிந்தாள். எனக்கு மரத்தது இன்னும் விடவில்லை. அதற்குள் அடுத்த அழைப்பு. அவர் கேட்டு முடிக்கும் முன்பே, "எல்லா நாளும் திறந்திருக்கும், சார், ராத்திரிகூட" என்றேன்.

அவர் கேட்டது ஊர் நூலகத்தைப் பற்றி.