நெருப்பு பிடுங்கிய சேலை

கடை முதலாளி இருந்தார். கல்யாணப் பெண் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா இருந்தார், போளூரிலிருந்து கார் வைத்து வந்தவர். அவருடைய அண்ணன் இருந்தார். லண்டனில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், அதை யாரையும் மறக்க விடாதவர். மாப்பிள்ளை போனில் இருந்தார், ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். இருந்தும் இல்லாத மாதிரிதான். நான் இருந்தேன். சேலையை நெய்தவள்.

நடுவில் முகூர்த்தச் சேலை விரித்துக் கிடந்தது. மாம்பழ நிறப் பட்டு. உடம்பெல்லாம் ஜரிகையில் டிராகன் புட்டா. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கீற்று சிவப்பு நூல். அது நெருப்பு.

நெய்யும்போது சேலை கவிழ்ந்துதான் இருக்கும். ஒரு மாசம் நான் அதுங்களோட முதுகைத்தான் பார்த்தேன். முகத்தை அன்றுதான் பார்த்தேன். பரவாயில்லை. எங்கள் தெருவில் அதைவிட மோசமான முகங்கள் உண்டு.

அந்தப் பெண்ணுக்கு ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனியில் வேலை. அங்கே இருக்கிற சீனாக்காரர்கள் அவர்கள் வருஷப் பிறப்புக்கு இதைக் காகிதத்தில் வெட்டி சுவரெல்லாம் ஒட்டுவார்களாம். பிடித்துப்போனது. தானே வந்து ஆர்டர் கொடுத்தது. ஆனால் முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. செலவு செய்கிறவருக்குக் கண் கூர்மை.

மாமியார் ஒன்றைத் தொடாமல் காட்டி, இது என்ன பேயா பிசாசா என்று கேட்டார். வேண்டாமென்று தள்ளினால் அந்தப் பெண்ணுக்கு மயில் புட்டாதான். கடையில் அலமாரி நிறைய கிடக்கிறது.

முதலாளி முந்திக்கொண்டார். யாளிதாம்மா, கோயில் தூணில் இல்லையா என்றார். யாளிக்கு ஏது இறக்கை என்று மாமியார் கேட்டார். இது பறக்கிற யாளி, இப்போ அதுதான் ஓடுகிறது என்றார். அந்த நாக்கில் நரம்பு கிடையாது.

பெண் மெதுவாகச் சொன்னது. சீனாவில் இது நல்லது, தண்ணிக்குள்ளே இருக்கும், மழை கொடுக்கும். மாமியார் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கல்யாணத்தன்று மழை வந்தால் பந்தல் என்ன ஆவது என்றார். கொடுத்தாலும் குற்றம்.

அப்புறம் லண்டன் ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் கதையில் இது குகைக்குள் தங்கக் குவியல்மேல் படுத்துக் காவல் காக்குமாம். தங்கம் என்றதும் மாமியார் கொஞ்சம் இறங்கி வந்தார். அண்ணன் அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவர், நிறுத்தவில்லை. அதன் கோபத்தைத் தணிக்க ஊர்க்காரர்கள் ஒரு பெண்ணைப் பூ வைத்து, நகை போட்டு, குகை வாசலில் விட்டுவிட்டு வருவார்களாம். அது பாட்டுக்குத் தின்னுமாம்.

கல்யாணப் பெண் தலை குனிந்து சிரித்தது. எனக்குப் புரிந்தது. மாமியாருக்குப் புரியவில்லை, நல்ல வேளை.

எங்கள் பக்கத்து ஏரியில் மாணிக்கம் கக்கும் பாம்பு இருக்கிறது, அதை நெய்யலாமே என்றார் மாமியார். நீங்க பாத்துருக்கீங்களா என்று போன் கேட்டது. பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்றார். போன் அதோடு அடங்கியது. அம்மா சொல்றபடி செய்யுங்க என்றது. இதற்கு ஒரு மாப்பிள்ளை.

கடைசியில் மாமியாரின் தீர்ப்பு வந்தது.

"இறக்கை இருந்துட்டு போவுது. கல்யாணச் சேலையில நெருப்பு வாணாம். அதை எடுத்துட்டா கட்டட்டும்."

கல்யாணமே நெருப்பைச் சுற்றித்தான் நடக்கிறது. நான் சொல்லவில்லை. நெருப்பு போனால் பல்லி மாதிரி ஆயிடுமே என்று மட்டும் சொன்னேன். முதலாளி என்னை முறைத்தார். காஞ்சிபுரத்தில் தங்கப் பல்லியைத் தொட்டாலே தோஷம் போகும், உடம்பு பூரா கட்டினால் கேட்கவே வேண்டாம் என்றார். மாமியார் அதையும் நம்பினார். டிராகனை நம்பாதவர்.

நெருப்பை எடுக்க முடியும். ஜரிகை தறிமேல் இருக்கிற டிசைன் பெட்டி போட்டு விழுந்தது, அதை அசைக்க முடியாது. சிவப்பு நூல் அப்படியில்லை. தனிக் கட்டையில் சுற்றி என் கையால் விட்டது. பின்பக்கம் வெட்டி இழுத்தால் வந்துவிடும், பட்டுக்குச் சேதமில்லை. அவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் சேலையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பெண் பசியில்லை என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நான் பிடுங்கப் பிடுங்கப் பார்த்துக்கினு இருந்தது.

"இந்தக் கல்யாணத்துல நான் கேட்டது இது ஒண்ணுதான்க்கா."

நான் அடுத்த நூலை இழுத்தேன். சேலையில் மொத்தம் தொண்ணூற்றாறு. கடைசியாக ஒன்று, இடுப்பில் சொருகுகிற முனையில். கட்டினால் உள்ளே போய்விடும், யார் கண்ணுக்கும் படாது. கத்திரிக்கோலைக் கொண்டுபோனேன். பெண் அந்த நெருப்பின்மேல் விரலை வைத்தது. எடுக்கவில்லை.

நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன்.

மாமியார் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். முந்தியைப் பார்த்தார், உடம்பைப் பார்த்தார், கரையைத் தடவினார். கீழே சிவப்பு நூல் குவிந்து கிடந்தது. திருப்தி.

"எத்தினி எடுத்தேம்மா?"

சொன்னேன்.

தொண்ணூற்றைந்து.