காலமுரண் பிடிப்பவர்

சரித்திர நாடகங்கள் எடுக்கும் ஸ்டூடியோவில் அவருக்கு 'முரண்' என்றே பெயர். சேனாபதியின் மணிக்கட்டில் கடிகாரம், அரசியின் முதுகில் ஜிப், ராஜாவின் புஜத்தில் தடுப்பூசித் தழும்பு, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கேமரா ஓடுவதற்குள் பிடுங்கிவிடுவார், இல்லையென்றால் மறைத்துவிடுவார். "முரண் வர்றாருடா, ரப்பர் செருப்பை ஒளிச்சு வை!" என்று போர்வீரர்களே அலறுவார்கள்.

அவர் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் 'தப்பு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வசனம் எழுதுகிறவர்தான் திருத்தினார். "காலமுரண்னு சொல்லுங்க. முரண்னா ஒத்துப்போகாம நிக்கிறது. இங்கிலீஷ்காரன் கிரேக்கத்துலேர்ந்து எடுத்த 'அனக்ரானிசம்'ங்கிற வார்த்தைக்கும் காலத்துக்கு எதிரானதுன்னுதான் அர்த்தம். அந்தக் கடிகாரத்து மேல குத்தமே இல்ல. அது வந்து நிக்கிற காலந்தான் வேற."

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். "ஒரு தப்புக்கு இவ்ளோ பெரிய பேரா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவளுக்கு ஞாபகம் பின்பக்கமாகத் தேய்ந்தது. முதலில் பேரப்பிள்ளைகள் நினைவிலிருந்து போனார்கள், பிறகு மகள் போனாள், கடைசியில் அவள் தனக்குக் கல்யாணமான புதுசில் போய் நின்றுவிட்டாள். டாக்டர்கள் அதற்கு ஏதோ பேர் சொன்னார்கள். பேர் சொன்னால் சரியாகிவிடுமா? டிவியைக் கண்டு மிரண்டாள். "இது யார் வீடு? என்னை எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஹோம்ல சேர்த்துடலாம்பா. உங்களால முடியாது" என்றாள் மகள்.

மனைவியை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு அவர் எங்கே போவார்? தெரிந்த ஒரே வேலையில் இறங்கினார். டிவியையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் அப்புறப்படுத்தினார். ஸ்டூடியோவில் கெஞ்சிக் கூத்தாடி இரும்புக் கட்டிலும் பழைய ரேடியோவும் வாங்கி வந்தார். சுவரிலிருந்த மகளின் கல்யாணப் படத்தையும் இறக்கினார்.

"என்னையும் கழட்டுறீங்களாப்பா?"

"நீ இன்னும் பொறக்கலம்மா" என்றார்.

எல்லாம் முடிந்ததும் மனைவியைக் கைபிடித்து உள்ளே கூட்டிவந்தார். சுற்றிப் பார்த்தாள். கட்டில் கம்பியைத் தடவினாள். மாதக்கணக்கில் இறுகியிருந்த முகம் இளகியது. "அப்பாடா, வீட்டுக்கு வந்துட்டேன்" என்று உட்கார்ந்தாள். அவருக்கு உச்சி குளிர்ந்தது. சந்தோஷத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அவள் வெடுக்கென்று தள்ளி உட்கார்ந்தாள்.

"யாருங்க பெரியவரே நீங்க? என் வீட்டுக்காரர் வர்ற நேரம். தப்பா நினைச்சுப்பார். தயவுசெஞ்சு கிளம்புங்க."

"சரிம்மா" என்று எழுந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே அவள் அவருக்காகத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.