மாஸ்டருக்குச் செய்த பீட்ரூட் கேக்

என் அண்ணன் பேக்கரியில் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் கேக் அவன் கையால்தான் வந்தது. க்ரீமில் ரோஜாப்பூ பிழிந்து வைத்தான் என்றால் மோந்து பார்த்து மூக்கில் அப்பிக்கொண்டவர்கள் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு நாற்பது வயது தாண்டியதும் சர்க்கரை வியாதி. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயும்வரை அவனைச் சுற்றிச் சர்க்கரை மூட்டையும் ஜாமும் சாக்லெட்டும்தான் நிற்கும். அவன் போய் இப்போது ஒரு வருஷம் ஆகிறது. எங்கேயாவது வெண்ணெய் உருகும் வாசனை வந்தால் இன்னமும் திரும்பிப் பார்க்கிறேன். அழுகையும் வருகிறது, அதில் எனக்கென்ன வெட்கம்.

வியாதி வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான், அப்பா. அவருக்கும் இதே சனியன்தான். வாயைக் கட்டத் தெரியாத மனுஷன், பீரோவில் துணிக்கு அடியில் மிட்டாய் ஒளித்து வைத்துத் தின்றவர். கடைசி வருஷங்களில் கண் போய்விட்டது. யார் பக்கத்தில் வந்தாலும் முகத்தைத் தடவிப் பார்த்து, “பெரியவனா, சின்னவளா?” என்று கேட்பார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அண்ணன் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

“கண்ணு போச்சுன்னா நான் எப்படி க்ரீம் பிழியறது?”

அதைச் சமையலறையிலிருந்து அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி அதிகம் பேசமாட்டாள், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். மறுநாள் என்னிடம் வந்து சொன்னாள்: “நாள் பூரா இனிப்புக்கு நடுவுல நிக்கிற மனுஷன்மா. தின்னாதீங்கன்னா மாமா மாதிரி திருடித்தான் தின்பார். நாமளே கெடுதி இல்லாம ஒண்ணு செஞ்சு குடுத்துட்டா?”

டாக்டரிடமே போய்க் கேட்டாள். அவர் சிரித்தார். “பேரீச்சையில இருக்கிறதும் சர்க்கரைதாம்மா. சின்னதா ஒரு துண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம். அதுக்கு மேல வேண்டாம்.”

அந்த ஒரு துண்டுக்காக அண்ணி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மைதாவுக்குப் பதிலாக ஓட்ஸைப் பொடித்தாள். சர்க்கரைக்குப் பதிலாகப் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்தாள். வெண்ணெயைக் குறைத்து வாதுமை விழுது சேர்த்தாள், ஈரத்துக்கும் நிறத்துக்கும் பீட்ரூட்டைத் துருவிப் போட்டாள். முதல் கேக்கை வைத்துச் சுவரே எழுப்பியிருக்கலாம். அவர்கள் வீட்டு மாடியறையில் தையல் மெஷினோடு குடியிருந்தவள் நான். எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்களே, அந்த எலிப்புழுக்கை நான்தான். எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருந்தாலும் ஓரத்துத் துண்டெல்லாம் என் தட்டுக்குத்தான் வரும்.

நடுத்துண்டு அண்ணனுக்கு. சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மதியச் சாப்பாட்டோடு வைத்து அனுப்புவாள். சாயங்காலம் டப்பா காலியாக வரும். அவன் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கமாட்டான், அண்ணி வாசலுக்கு வந்துவிடுவாள்.

“எப்படி இருந்துச்சு?”

“நேத்தைக்கு இது பரவாயில்ல. நடுவுல பிசுபிசுன்னு இருக்கு.”

மறுநாள் தண்ணீரைக் குறைப்பாள். காய்ந்துவிட்டது என்பான், மசித்த வாழைப்பழம் சேர்ப்பாள். பீட்ரூட் மண்வாசனை அடிக்கிறது என்பான், ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போடுவாள். பிறகு கேரட்டில் செய்தாள், ஆப்பிளில் செய்தாள், திரும்பவும் பீட்ரூட்டுக்கே வந்தாள். ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு விளங்கவே இல்லை.

“உங்கண்ணன் நாக்கு என்ன நாக்கோ. நேத்து பாதாம் பருப்பு இன்னும் போடுன்னார். இன்னைக்குப் பருப்பு பல்லுல மாட்டுதுங்கறார்.”

“அவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் அண்ணி. கிறுக்கு” என்றேன்.

உண்மையைச் சொன்னால், அந்த வருஷங்கள் அந்த வீட்டின் நல்ல காலம். அடுப்பங்கரை ஜன்னல் வழியாகப் பேரீச்சை வேகும் வாசனை மாடிக்கு ஏறி வரும். கீழே அவர்கள் இரண்டு பேரும் ஒரு துண்டு கேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், சண்டை போடக்கூட நேரமில்லாமல். நான் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குக் கல்யாணம் குதிராமல் போனதுகூட அந்தச் சாயங்காலங்களில் உறைத்ததில்லை. கேக்கும் அதற்குள் உண்மையாகவே நல்ல கேக் ஆகிவிட்டது. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் டாக்டர் தட்டிக்கொடுத்து அனுப்புவார். அண்ணிக்குத் தலைகால் புரியாது. “எல்லாம் என் கேக்தான்” என்பாள். அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பான்.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டான். பேக்கரியில் அடுப்பு பார்க்கும் ஆள் நலம் விசாரிக்க வந்தார். வெள்ளை மனசுக்காரர், வாயில் பூட்டு கிடையாது.

“மாஸ்டர் இல்லாம கஷ்டமா இருக்குக்கா. அதைவிட டப்பா வராதது பெரிய கஷ்டம்” என்றார். “நாங்க முறை வச்சுச் சாப்பிடுவோம். நேத்து என் முறை. போச்சு.”

அண்ணி காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“முறைன்னா?”

“திங்கக்கிழமை கணக்குப் பிள்ளை, செவ்வாக்கிழமை வாட்ச்மேன் பெரியவர், அப்படியே சுத்தி வரும். பெரியவருக்குத்தான் பல்லு இல்ல, பருப்பு மாட்டும்பார். நாங்க சொல்றதையெல்லாம் மாஸ்டர் அப்படியே கேட்டுட்டு வந்து உங்ககிட்டச் சொல்வாராமே.”

“அவர் சாப்பிடறதில்லையா?”

“மாஸ்டரா? அவர் இனிப்பையே தொடமாட்டாரேக்கா. இத்தனை வருஷத்துல க்ரீமைக்கூட நக்கிப் பாத்ததில்ல. ருசி பாத்துச் சொல்றது நான்தான்.”

கட்டிலில் அண்ணன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். அண்ணி காபியைக் கொடுத்தாள், வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை, எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

“ஒரு நாள்கூடவா சாப்பிடல?”

போர்வைக்குள்ளிருந்து, “இல்ல” என்று வந்தது.

“அவ்வளவு கேவலமாவா இருந்துச்சு?”

அப்போதுதான் போர்வையை விலக்கினான். “எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அங்க நான் நிக்கிற இடத்துல நாலாபக்கமும் இனிப்பு. உன் கேக்குல ஒரு வாய் வச்சேன்னு வை, நாக்கு முழிச்சுக்கும். அடுத்த வாய்க்குப் பக்கத்துத் தட்டுலதான் கை போகும். எங்கப்பன் புள்ள நான். எனக்கு என்னைத் தெரியும்.”

“அதை முதல் நாளே சொல்றதுக்கென்ன?”

“நீ ஒவ்வொரு பேரீச்சம்பழமா கொட்டை எடுத்துக்கிட்டு உக்காந்திருப்ப. அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?”

அண்ணி எழுந்து போய்விட்டாள். எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “வாய் கூசாம இத்தனை வருஷம் புளுகியிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. சர்க்கரை மலைக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு சொட்டு நாக்கில் படாமல் அப்பாவின் விதியைத் தனியாகவே தள்ளி நிறுத்தியிருக்கிறான். நாங்கள் கேக்குக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தோம்.

அண்ணி டப்பாவோடு வந்தாள். மூடியைத் திறந்து, ஒரே ஒரு வாய் கிள்ளி அவன் வாயருகே நீட்டினாள்.

“இங்க வேற தட்டு இல்ல. நான் இருக்கேன். வாயைத் திறங்க.”

அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் மென்றான்.

“உப்பு ஒரு சிட்டிகை குறையுது” என்றான். மாஸ்டர் குரல் அது. “இன்னொரு வாய் குடு.”

அண்ணி மூடியை அழுத்தி மூடினாள். “நாளைக்கு.”

அதன்பிறகு பேக்கரிக்கும் டப்பா போயிற்று, அவர்கள் முறை அவர்களுக்கு. அண்ணனுக்கு மட்டும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அண்ணி கையால் ஒரு வாய். தினமும் இன்னொன்று கேட்பான். தினமும் அவள் “நாளைக்கு” என்று மூடுவாள். பேரன் பேத்தி எடுத்தும் இந்தக் கூத்து நிற்கவில்லை.

கடைசியில் அவனைப் படுக்கவைத்தது நெஞ்சு. கண் கடைசிவரை நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று கட்டில் தள்ளி யாருக்கோ கொண்டுவந்த கேக்கைப் பார்த்துவிட்டு, “பூ கோணலா இருக்கு பாரு” என்று என் காதில் சொன்னான். அன்று மாலை அண்ணி டப்பாவைத் திறந்து ஒரு வாய் கொடுத்தாள். மெதுவாக மென்று விழுங்கினான். இன்னொன்று கேட்கவில்லை. அண்ணி காத்திருந்து பார்த்துவிட்டு, தானே இன்னொரு வாய் கிள்ளி நீட்டினாள்.

“இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. வாங்கிக்கோங்க.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

“நாளைக்கு” என்றான்.