எட்டுப் பேர் ஜீப்

மஞ்சக்குட்டைக்கும் ஒண்டிக்கடைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர்களில் செங்கோடனுக்கு மட்டும் ஒரு கெட்ட பெயர் உண்டு. எட்டுப் பேருக்கு மேல் ஏற்றமாட்டான். மற்ற வண்டிகளில் பதினாறு பேர் நெருக்கியடித்துப் போவார்கள். இவனோ ஒன்பதாவது ஆள் சொந்தத் தாய்மாமனே ஆனாலும் அடுத்த வண்டிக்கு நிற்கச் சொல்லிவிடுவான். கிளம்புமுன் டயரைத் தட்டிப் பார்ப்பான், பிரேக்கை மிதித்துப் பார்ப்பான், கதவை இழுத்துப் பார்ப்பான். இவன் பார்த்து முடிப்பதற்குள் நடந்தே போய்விடலாம் என்பாள் பழக்கூடைக் கண்ணாயி. பத்தாம் வகுப்போடு தன் படிப்பு நின்றதைப் பற்றி அவன் பேசுவதில்லை. தங்கை கீர்த்தனா காலேஜ் முடித்ததைப் பற்றி, யாரும் கேட்காவிட்டாலும் பேசுவான்.

அந்தக் கீர்த்தனாவுக்குத்தான் இப்போது சோதனை. வானத்திலிருந்து எடுத்த படங்களில் வயல் எல்லைகளைக் கோடு போட்டுக் கொடுக்கும் வேலைக்கு பெங்களூர்க் கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். பரீட்சைக்கு ஒரு படத்தை அனுப்பியிருந்தார்கள். இரவல் வாங்கிய லேப்டாப் பாதி வேலையில் அசையாமல் நின்றுவிட்டது. கெஞ்சிக் கேட்டதில், மறுபடி ஒருமுறை பரீட்சைக்கு உட்கார விடுவதாகச் சொன்னார்கள். அது நாளைக் காலை. அதுவும் தவறினால் ஓசூர்த் தொழிற்சாலைதான். விடுதியில் இடம்கூடப் பேசியாகிவிட்டது.

ஜீப்பை நிறுத்திவிட்டுத் தங்கையோடு பஸ் ஏறி மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கினான்.

கடைக்காரர் விஜயகுமார் மெலிதான லேப்டாப் ஒன்றைத் திறந்து வைத்து, மெமரி ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்றார். கம்பெனியில் சொன்னதோ பதினாறு. பதினாறு கேட்ட இடத்தில் ஐந்நூறு என்றால் தாராளமாயிற்றே என்று செங்கோடன் நினைத்தான். கீர்த்தனா விளக்கினாள். அது படங்களைச் சேர்த்து வைக்கிற இடம். பதினாறு என்பது வேறு. வேலை நடக்கும்போது ஒரே நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்கிற கணக்கு. ராம் என்பார்கள்.

"அப்ப அது ஷெட்டு, இது சீட்டு. ஏனுங்க, இதுல எத்தன சீட்டுங்க?"

எட்டுதான். பதினாறு போட்டது வர நான்கு நாள் ஆகும். மற்றதையெல்லாம் மூடிவிட்டு வேலை செய்தால் எட்டிலேயே ஓடும் என்றார் கடைக்காரர். பின்னால் கூட்டிக்கொள்ளலாமா என்று செங்கோடன் கேட்டான். இந்த மாடலில் முடியாது, போர்டோடு ஒட்டியே வருகிறது என்றார்.

கீர்த்தனா அந்த மெல்லிய மூடியைத் தடவிப் பார்த்தாள். "எட்டே போதுங்கண்ணா. எப்படியாச்சும் சமாளிச்சுக்கறன்."

அந்தக் குரல் அவனுக்குப் பழக்கம். மழை வருகிற சாயங்காலத்தில் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இப்படியே தொத்திக்கிறேன் என்பவர்களின் குரல். தலையாட்டிவிட்டால் அவர்களுக்குச் சந்தோஷம்தான், முதல் வளைவு வரைக்கும்.

"ஏத்தத்துல ஓட்டிப் பாக்காம வண்டி வாங்குவாங்களா கண்ணு? அந்தப் படத்த இதுல ஒருக்கா தெறந்து பாரு."

கடைக்காரர் அரைமனதாகச் சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தார். கீர்த்தனா அந்தப் படத்தைப் போட்டுக் கொண்டுவந்திருந்த பென் டிரைவைச் செருகினாள். படம் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. ஒரு வயலைச் சுற்றிக் கோடு போட்டாள், இன்னொன்றுக்கும் போட்டாள். மூன்றாவது வயலின் மூலையில் அம்புக்குறி நின்றது. நீல வட்டம் சுற்றத் தொடங்கியது. வந்துவிடும் என்றார் கடைக்காரர். சற்றுப் பொறுத்து அதையே மறுபடி சொன்னார். செங்கோடனின் வலது கால், பிரேக் இல்லாத தரையை அழுத்திக்கொண்டிருந்தது. திரை வெளுத்தது.

"நான் ஓசூருக்கே..." என்று கீர்த்தனா ஆரம்பித்தாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டிக்கொள்கிற மாதிரி வேறு எதுவுமே கடையில் இல்லையா என்று கேட்டான்.

இருந்தது ஒன்று. மேல்தட்டில், போன வருஷத்து மாடல், செங்கல் கனம், மூலையில் கீறல். காலேஜ் பிள்ளைகள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள் என்றார் கடைக்காரர். ஆனால் உள்ளே இருந்த எட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவர் கழற்றக் கழற்ற, திருகாணிகளைச் செங்கோடன் வரிசை மாறாமல் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டான். இன்னொரு எட்டைச் செருகி மூடினார்கள்.

அதே படம். அதே மூன்றாவது வயல். அம்புக்குறி மூலைக்கு வந்தது, திரும்பியது, போய்க்கொண்டே இருந்தது. கீர்த்தனா நிமிரவே இல்லை.

மறுநாள் காலை ஒண்டிக்கடையில் ஜீப் நிறைந்தும் செங்கோடன் கிளம்பவில்லை. சட்டைப்பையையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாவது ஆளாகக் கண்ணாயி வந்து படியில் கால் வைத்தாள்.

"தங்கச்சி பொட்டிக்கு மட்டும் எட்டப் பதினாறு ஆக்கிட்டயாமா. எனக்கு ஒரு சீட்டு இல்லியா சாமி?"

ஜீப்பே சிரித்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது போன் அடித்தது.

"அண்ணா, முழுசும் முடிச்சுட்டனுங்க. எங்கயுமே நிக்கல. திங்கக்கெழமையில இருந்து வேலைன்னு சொல்லிட்டாங்க."

திங்கட்கிழமையா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டு போனைச் சட்டைப்பையில் போட்டான். இன்றைக்காவது விட்டுவிடுவான் என்று கண்ணாயி மற்றக் காலையும் தூக்கினாள். செங்கோடன் இறங்கி வந்தான். அவள் கூடையை வாங்கிப் பின்னால் நின்ற வண்டியில் தானே ஏற்றி வைத்தான். பிறகு வந்து டயரைத் தட்டிப் பார்த்தான்.