காரணம் எழுதும் கட்டம்

ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் சிவப்புப் பேனா. வைத்ததில் அநியாயம் எதுவும் இல்லை. கடைப் பலகையில் தப்பு இருந்தால் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் பொருள் வாங்குவார். வீட்டுக்காரர் எழுதித் தரும் மளிகைச் சீட்டைக்கூடத் திருத்தித்தான் பையில் வைப்பார். வீட்டுக்காரருக்கு மருந்துக் கடையில் வேலை. எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே மூச்சில் படித்துவிடும் அந்த மனிதர், மனைவி திருத்திய சீட்டைப் படிக்கத்தான் திணறுவார்.

தப்பைப் பார்த்தால் டீச்சருக்குக் கை பரபரக்கும். கெட்டிக்காரத்தனம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அது பயம். யாராவது பார்த்துவிட்டு, ‘இவங்களெல்லாம் ஒரு டீச்சரா’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். தற்காலிக ஆசிரியை என்ற பெயரோடு ஆறு வருஷம் ஓட்டியவருக்கு அது வராமல் என்ன செய்யும்?

அப்படிப்பட்டவர் இந்த வருஷம் வம்பை விலைக்கு வாங்கினார். வகுப்புக்கென்று இணையத்தில் ஒரு விக்கி, அதாவது எல்லோரும் சேர்ந்து எழுதும் பக்கங்கள், தொடங்கினார். தலைப்பு, ‘நம் ஊர்த் தண்ணீர்’. முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் மாற்றலாம். ‘தொகு’ என்ற பொத்தானை அழுத்தித் திருத்திவிட்டு ‘சேமி’யை அழுத்தினால் முடிந்தது. ஆனால் எதுவும் அழியாது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் ‘வரலாறு’ என்ற பக்கத்தில் வரிசையாக நிற்கும். மாற்றுகிறவர் காரணம் எழுதுவதற்கு ஒரு சின்னக் கட்டமும் உண்டு.

“காரணம் எழுதாம யாரும் யார் எழுதினதுலயும் கை வைக்கக் கூடாது. நானா இருந்தாலும் சரி” என்று முதல் நாளே சட்டம் போட்டார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிள்ளைகள் பிய்த்து உதறினார்கள். மேல்நிலைத் தொட்டியின் உயரத்தை ஒருவன் குத்துமதிப்பாக எழுத, இன்னொருத்தி போய் ஏணிப்படிகளை எண்ணி வந்து திருத்தினாள். வகுப்பில் வாய் திறக்காதவர்கள்கூடப் பத்தி பத்தியாக எழுதினார்கள்.

ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியர் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வர்றார். உங்க விக்கியைத்தான் பார்க்கணுமாம். உங்க நிரந்தர ஆணை அவர் அறிக்கையிலதான் இருக்கு. யாரையும் குறை சொல்ற மாதிரி ஒரு வரி இருக்கக் கூடாது. பார்த்துக்கங்க டீச்சர்.”

அதற்குப் பிறகு டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலமே எல்லாப் பக்கங்களையும் ஒன்று விடாமல் படித்தார். பதினோராவது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

‘எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. ஏழு நாள் காலையில் கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் அடியில் மண் தங்குகிறது.’

எழுதியவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண். வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன்’ சொல்வதைத் தவிர அவள் குரலை அந்த வகுப்பு கேட்டதில்லை. டீச்சர் மூன்று வரிகளையும் எடுத்துவிட்டு, ‘எல்லாத் தெருக்களுக்கும் தெளிவான தண்ணீர் வருகிறது’ என்று எழுதினார். காரணக் கட்டம் காத்திருந்தது. ‘தகவல் பிழை’ என்று அடித்தார். பிழை இல்லையே என்று உடனே மனசு இடித்தது. அழித்தார். கட்டத்தைக் காலியாகவே விட்டு ‘சேமி’யை அழுத்தினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் மஞ்சள் தண்ணீர் திரும்பி வந்திருந்தது. கட்டத்தில் ‘நான் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தது.

அன்று வகுப்பில் டீச்சர் அட்சரேகை நடத்தினார். அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் டீச்சர் மறுபடி மாற்றினார். புதன்கிழமை அது மறுபடி திரும்பியது. இந்த முறை ‘இன்று காலையிலும் பார்த்தேன்’ என்று இருந்தது.

அன்று ராத்திரி வீட்டில், அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்ற மனைவியைப் பார்த்து வீட்டுக்காரர் விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

“இதுக்குப் போயா? அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது.”

“என்னன்னு சொல்லச் சொல்றீங்க?”

அவர் கரண்டியும் கையுமாக வந்து அடுப்பை அணைத்தார். “அதானே” என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் டீச்சர் மூன்றாவது முறை மாற்றினார். அப்புறம் நாள் முழுக்க, இடைவேளைக்கு இடைவேளை திறந்து திறந்து பார்த்தார். எதுவும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் ‘தெளிவான தண்ணீர்’ அப்படியே இருந்தது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். அந்தப் பெண் சலித்து விட்டுவிட்டாள் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. ஜெயித்தது மாதிரியே இல்லை.

அதிகாரி மெதுவாகப் பேசுகிற மனிதர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த விக்கிப் பக்கங்களை நிதானமாகப் படித்தார். தலைமையாசிரியர் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“ரொம்ப நல்லா இருக்கு. பிள்ளைங்க எப்படிச் சேர்ந்து எழுதினாங்கன்னு பார்க்கலாமா?” என்று கேட்டபடி எழுந்து வந்தவர், அப்போது சுவரில் இருந்த பதினோராவது பக்கத்தின் ‘வரலாறு’ மேல் சுட்டியை வைத்து அழுத்தினார்.

சுவரில் எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

“ஆசிரியர்னு மூணு தடவை இருக்கு. மூணு தடவையும் காரணக் கட்டம் காலி. பொண்ணு ரெண்டு தடவை எழுதியிருக்கா, ‘பார்த்தேன்’னு.” அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வகுப்பைப் பார்த்தார். “காரணம் எழுதணும்கிறது யார் போட்ட சட்டம்?”

“டீச்சர்தான் சார்” என்று முப்பது குரல் ஒன்றாக வந்தது.

“சர்வர் கோளாறா இருக்கும் சார். எழுதினது பதிவாகாமப் போயிருக்கும்” என்று தலைமையாசிரியர் குறுக்கே விழுந்தார்.

“அப்படியா டீச்சர்?”

‘ஆமா சார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு வருஷக் காத்திருப்பு அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நின்றது. அது டீச்சரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தும் விட்டது. அப்போது ஜன்னலோரம் பார்த்தார். அந்தப் பெண் இன்றைக்கு வெளியே பார்க்கவில்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. டீச்சர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துகொள்ள மட்டும் பார்த்தாள்.

“இல்ல சார்” என்றார் டீச்சர். கணினிப் பக்கம் போனார். அந்தப் பெண்ணின் மூன்று வரிகளையும் மீட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். காரணக் கட்டத்தில் சுட்டி துடித்தது. முப்பத்தெட்டுப் பேரும் சுவரைப் பார்க்க, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

‘பயத்தில் மாற்றிவிட்டேன். அவள் எழுதியதுதான் சரி.’

தலைமையாசிரியர் இருமினார். அதிகாரி குறிப்பேட்டைத் திறந்து என்னவோ எழுத ஆரம்பித்தார். என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை. அதைப் பார்த்ததும் டீச்சரின் விரல் மவுஸ் மேல் அப்படியே நின்றுவிட்டது. இப்போதுகூட அழித்துவிடலாம்.

‘உள்ளேன்’ தவிர வேறெதுவும் சொல்லி வகுப்பு கேட்டிராத ஒரு குரல் ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

“டீச்சர், இன்னும் சேமிக்கல.”

டீச்சர் ‘சேமி’யை அழுத்தினார்.