குப்பையில் கொட்டிய மாத்திரைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் துளை போடுகிற டிரில்லர். வண்டி வடக்கே கிளம்பினால் மூன்று மாதம், நான்கு மாதம் ஆள் தலை காட்டமாட்டார். அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் வீடு.

என் மாமனார் ஐம்பது வயதுகூட முடியாமல் நெஞ்சு வலியில் போனவர். அதனால் கணவருக்கும் பிரஷர் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், மாரடைப்பு வருவதற்கு முன்பே அதைத் தடுக்க முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது, பிரஷர்காரர்களைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தேன். தினமும் காலையில் ஒரு மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. போகும்போது காலி அட்டைகளையும் மிச்ச மாத்திரைகளையும் கொண்டுபோக வேண்டும். அங்கிருக்கும் நர்ஸ் ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக்கொள்வார்.

முதல் மூன்று மாதம் அவர் ஊரில் இருந்தார். நானே உள்ளங்கையில் வைத்துக் கொடுத்ததில் ஒன்றுகூட மிச்சமில்லை, பிரஷரும் இறங்கியிருந்தது. "எல்லாரும் உங்களாட்ட இருந்தா எங்களுக்குக் கவலையே இல்லீங்க்கா" என்றார் நர்ஸ். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஏறியதும் என் அக்காவுக்குப் போன் போட்டு அளந்துவிட்டேன்.

அடுத்த மூன்று மாதம் அவர் வண்டியோடு போய்விட்டார். ஆடியில் திரும்பி வந்தவரின் பையைத் துவைக்க எடுத்தால், மாத்திரை அட்டைகள் பாதிக்கு மேல் தொடவே இல்லை! "ஏனுங்க, இதென்னுங்க?" என்று கத்தினேன். "அங்க எங்க அம்மிணி ஞாபகம் இருக்குது" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். மறுநாள் பரிசோதனை. அந்த நர்ஸ் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் என் கவலை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, மிச்ச மாத்திரைகளை எல்லாம் பிதுக்கிக் குப்பையில் கொட்டினேன்.

நர்ஸ் காலி அட்டைகளை எண்ணிவிட்டு, முழுவதும் சாப்பிட்டதாக எழுதிக்கொண்டார். பிரஷர் பார்த்த டாக்டர்தான் நெற்றியைச் சுருக்கினார். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறியிருக்கிறது என்றால் மருந்து போதவில்லை என்றுதானே நினைப்பார்? ஒன்றை இரண்டாக்கினார். கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அன்றையிலிருந்தே மனசு சரியில்லை. டாக்டர் சொன்னதைத்தானே கொடுக்கிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தினமும் இரண்டு கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலை, குந்தி உட்கார்ந்து பைப்புத் தண்ணீரில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்தார், ஓர் அடி வைத்தார், அப்படியே சரிந்தார். வாசல்படியில் இடித்துப் புருவத்தில் ரத்தம். உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்திருந்தது. ஐயோ, மாமனாரைப் போலவே இவரும் போய்விட்டார் என்று அலறினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் திருச்செங்கோட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லி ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த அட்டை வழியெல்லாம் என் கையில்தான் இருந்தது. கூப்பிட விரல் வரவில்லை. கூப்பிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டுமே!

டியூட்டி டாக்டர் ஒரு பெண். பிரஷர் தரையைத் தொடுகிறது என்றார். அட்டையை வாங்கி அவரே சேலத்துக்குப் பேசினார். அங்கே இருக்கிற பதிவுப்படி, மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் பிரஷர் இறங்காத ஆள் இவர். அப்படிப்பட்டவருக்கு மாத்திரையால் இவ்வளவு இறங்குமா, இருதயத்தில்தான் ஏதாவது இருக்குமோ, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று இரண்டு பக்கமும் யோசிக்கிறார்கள். கட்டிலில் அவர் கண்ணை மூடிக் கிடக்கிறார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சாமி, அது பொய்யுங்க! அவரு பாதிக்கு மேல சாப்புடவே இல்லீங்க. நாந்தான் குப்பையில போட்டேன்."

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதையே போனில் சொன்னார். ஒரு மாத்திரைக்கே அடங்கியிருந்த உடம்புக்கு இரண்டு கொடுத்ததுதான் வினை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. காலைத் தூக்கி வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இருதயத்தில் ஒன்றுமில்லை. அவர் கண் திறந்து முதலில் கேட்டது, "பைப்பை நிறுத்துனியா?" என்றுதான்.

மறுவாரம் சேலம் போனோம். நர்ஸ் திட்டுவார் என்று தலையைக் குனிந்தே நின்றேன். அவர் பழைய பதிவை எடுத்து, முழுவதும் சாப்பிட்டதாக எழுதியிருந்த இடத்தில் ஒரே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டார். நன்றாக அடித்துவிடக் கூடாதா என்று கேட்டேன். "அழிக்கக் கூடாதுங்க்கா. தப்பும் தெரியோணும், திருத்துனதும் தெரியோணும்" என்றார். பிறகு கணவரிடம் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். நான் கேட்கவே இல்லாத கேள்வி அது. ரிக் ராப்பகலாக ஓடும், ஒருநாள் பகலில் தூக்கம், ஒருநாள் ராத்திரியில் தூக்கம், "எனக்குக் காலைங்கறதே எதுன்னு தெரியாதுங்களே" என்றார் அவர். நர்ஸ் அதையும் எழுதிக்கொண்டார். எப்போது தூங்கி எழுந்தாலும் முதல் டீயோடு பழையபடி ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது ரிக்கில் யாராவது டீ ஊற்றினால் "மாத்திரைங்ணா" என்று மற்றவர்களே நினைவுபடுத்துகிறார்களாம்.

இன்றும் அவர் பையைப் பிரிக்கும்போது சில சமயம் இரண்டு மூன்று மாத்திரை மிச்சமிருக்கும். அப்படியே கொண்டுபோய் நர்ஸின் மேசையில் வைக்கிறேன். என் கணவரின் புருவத்துத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், நல்ல பேர் வாங்குகிற ஆசையில் கட்டின மனுஷனையே தூக்கிக் கொடுக்கப் பார்த்தேனே என்றுதான் இன்னும் தோன்றுகிறது.