கண் திறக்காத சிலைக்குக் காவல்

எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றுதான். சல்லடை அறையை விட்டு வெளியே வர வேண்டும். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், காய்ந்த தூளைச் சலித்துப் பிரிக்கும் அறை அது. அங்கே வேலை செய்கிறவன் மூக்கைச் சிந்தினால் தேயிலை வரும். என் இருமல், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில், கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்கும். என் மனைவி முதல் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தாள். "இந்த இருமல்ல புள்ள எப்புடிங்க தூங்கும்?" என்று கேட்பாள். நியாயமான கேள்வி. ஆனால் வேலை மாற்றிக் கேட்பதென்றால் யாரிடமாவது பேச வேண்டும். எனக்கு அது வராது. இப்போதும் வராது.

பேசினவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். தோட்டத்து லாரியில் கிளீனராக இருந்தார். நுவரெலியா டவுனில் அவருக்குத் தெரியாத ஆட்கள் குறைவு. தெரியாதவர்களிடமும் தெரிந்த மாதிரியே பேசுவார். டவுனில் கண்காட்சிகள் நடக்கும் மண்டபத்துக் காவல்காரர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும், என்னை மண்டபத்துக் கிளாக்கர் ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனார். கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"சித்திரைப் பொருட்காட்சி முடியுமட்டும் நிண்டு பாரும்," என்றார். "ஒரு முறைப்பாடும் வராட்டி நிரந்தரமாக்கலாம்."

நான் தலையை ஆட்டினேன். மற்றதையெல்லாம் மச்சான் சொன்னார்.

ஒவ்வொரு சித்திரையிலும் கொழும்புக்காரர்கள் குளிரைத் தேடி நுவரெலியாவுக்கு வருவார்கள். குதிரை ஓட்டம், பூக் கண்காட்சி எல்லாம் நடக்கும். அந்த வருடம் மண்டபத்தில் கலைப் பொருட்காட்சி. படம் விற்கிறவர்கள் வந்தார்கள், சட்டி பானை விற்கிறவர்கள் வந்தார்கள். மண்டபத்தின் நடு இடத்தைப் பிடித்தவர், பிரான்ஸ் நாட்டுச் சிலைகளைக் கொழும்பில் வைத்து விற்கும் ஒரு சிங்களவர். மச்சான் அவரைக் கடைக்காரத் தொரை என்றார். அது கடை இல்லை, கலைக்கூடம் என்று அவர் திருத்தினார். மச்சான், "சரிங்க கடைக்காரத் தொரை," என்றார். அந்தத் தொரைக்குச் சமையல்காரரிடம் கற்றுக்கொண்ட தமிழ் தெரியும். எதைச் சொன்னாலும் அடுப்பில் இருப்பதை இறக்கச் சொல்வது போலவே இருக்கும்.

சிலைப் பெட்டிகளை ரயிலடியிலிருந்து எங்கள் தோட்டத்து லாரிதான் ஏற்றி வந்தது. வைக்கோலுக்குள்ளிருந்து முதலில் ஒரு வெண்கலக் கோழி வந்தது. அடுத்து வந்தது வெண்கலத்தில் ஓர் ஆண். நடக்கிற நிலையில் இருந்தான். இரண்டு கைகளும் இல்லை, உடுப்பும் இல்லை.

"கைய வெட்டுனவனே வேட்டியையும் உருவிக்கிட்டுப் போயிட்டான் போல," என்றார் மச்சான். தூக்கிய ஆட்கள் சிரித்ததில் சிலை ஒரு பக்கம் சாய்ந்தது. "மெல்ல, மெல்ல!" என்று தொரை கத்தினார்.

மூன்றாவது பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதில் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு பெண்ணின் தலை, கழுத்தோடு இருந்தது. மூக்கு, உதடு, பின்னால் முடிந்த கொண்டை எல்லாம் அத்தனை நேர்த்தி. கண் இருக்கும் இடம் மட்டும் வெறும் வழவழப்பு. விழி இல்லை.

அந்த நாட்களில் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு இந்தியாவிலிருந்து அம்மன் சிலை வந்திருந்தது. அதை நெல்லுக்குள் படுக்க வைத்து, முகத்தை மஞ்சள் துணியால் மூடியிருந்தார்கள். கும்பாபிஷேகத்தின்போது சிற்பி வந்து உளியால் கண் திறப்பார். திறந்ததும் கண்ணாடியையும் பசுவையும் கன்றையும் காட்டுவார்கள். அந்த முதல் பார்வைக்கு நேரே மனிதர் நிற்கக்கூடாது, தாங்க முடியாது. இது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

"கண்ணு தொறக்காத செலைய, மொகத்தக்கூட மூடாம கொண்டாந்திருக்காங்க மாப்ள," என்றார் மச்சான், குரலைத் தாழ்த்தி. "சிற்பி பொறகால வருவாரு போல."

"எப்ப?"

"யாருக்குத் தெரியும்? வயித்துப்புள்ளக்காரிய வீட்டுல வச்சிக்கிட்டு நீதானே இது முன்னால ஒக்காரப் போற."

அவரும் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கும் அவள் தங்கைதான்.

எல்லாவற்றிலும் விலை கூடியது அந்தத் தலை என்பதால், கிளாக்கர் என் ஸ்டூலை அதற்கு நேர் எதிரே போட்டிருந்தார். மூடுவதற்கு என்னிடம் இருந்தது தேயிலைச் சாயம் பிடித்த துண்டு. அந்த முகத்தில் அதைப் போட மனம் வரவில்லை. ஆகவே தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

தொரை வந்தார். பார்த்தார். முன்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நான் எழுந்து மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பினேன். திரும்பி வந்தவர் பீடத்தை ஆட்டிப் பார்த்தார். தரை சரிவாக இருக்கிறது என்று நினைத்திருப்பார் போல, ஒரு அட்டையை மடித்து அடியில் செருகினார். மறுநாள் காலையிலும் தலை சுவரைப் பார்த்தபடிதான் இருந்தது. அவர் இன்னொரு அட்டையைச் செருகினார். அதற்குள் பொருட்காட்சிக்கு வந்தவர்கள் கொண்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கொண்டையை வெகு நேரம் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் தொரை கிளாக்கரிடம் போனார். கிளாக்கர் அவரோடு வந்து என் முன்னால் நின்றார்.

"முறைப்பாடு வந்திட்டுது காணும். இதை ஆர் திருப்பினது? நீரோ?"

நான் பேசாமல் நின்றேன்.

"அப்ப நீர் இல்லையோ?"

அதற்கும் அப்படியே நின்றேன். வேலை போகிறது என்று தெரிந்தது. சல்லடையின் சத்தம்கூடக் காதில் கேட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வார்த்தை எது என்றும் தெரியும். அது வாய் வரைக்கும் வந்து நின்றுகொண்டது.

"வாயைத் திறந்து கதையுமன்!"

அந்த நேரம் பார்த்து மச்சான் எனக்குச் சோறு கொண்டு வந்தார். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். கிளாக்கரிடம் தமிழிலும் தொரையிடம் சிங்களத்திலும் மாறி மாறிச் சொன்னார். நெல், மஞ்சள் துணி, உளி, பசு, கன்று, என் மனைவியின் வயிறு, ஒன்றையும் விடவில்லை. பசுவுக்கும் கன்றுக்கும் கையால் அளவு காட்டினார். கிளாக்கர், "உதுவோ விசயம்," என்றார். தொரை சிரிக்கவில்லை. மச்சானுக்காகத் தன் தமிழில் சொன்னார்.

"கண் தொறக்க ஆள் வராது. செஞ்ச மனுசன் செத்துப் போச்சு. இது முடிஞ்ச வேலை. இப்பிடித்தான்."

"அப்ப இது யாரையும் பாக்கவே பாக்காதுங்களா?"

"பாக்காது."

"சத்தியமா?"

தொரை சலவைக்கல் தலையின் மேல் கையை வைத்தார். "சத்தியமா."

தலையில் கை வைத்துச் சொன்ன பிறகு மேலே கேட்க ஒன்றுமில்லை. நானே போய் அதை முன்பக்கம் திருப்பினேன். அன்று முதல் எதிரே உட்கார்ந்து சோறும் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விஷயம் கேள்விப்பட்டுத் தோட்டத்துச் சனம் மண்டபத்துக்கு வந்தது. மச்சான் லாரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்.

"இது சாமி இல்ல, பிரான்ஸ் நாட்டுப் பொம்பள. கண்ணு தொறக்காது, பயப்படாமப் பாருங்க. அந்த வெண்கலத்து ஆளுகிட்ட மட்டும் பொம்பளைங்க நிக்க வேணாம்."

"ஏண்ணே?" என்றாள் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி. "அந்தாளுக்குத்தான் கையே இல்லியே."

மச்சான் அவசரமாக வெண்கலக் கோழியைக் காட்டப் போனார். கிளாக்கர் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொருட்காட்சி முடிந்தது. வெண்கலக் கோழியை ஒரு தோட்டத் தொரையின் மனைவி வாங்கினார். தலையை யாரும் வாங்கவில்லை, அது வைக்கோலுக்குள் திரும்பிப் போனது. பெட்டிகளை ஏற்றி அனுப்பிய பிறகு கிளாக்கர் என்னைக் கூப்பிட்டார்.

"உம்மில பிழை சொல்லேல்லை. ஆனா வாற சனத்துக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். உம்மட மச்சான் நல்லாக் கதைக்கிறார்."

அன்று மாலை மச்சான் எங்கள் காம்பராவுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் மாப்ள. ரெண்டு தரம் சொன்னேன். அப்பறம் வேற எவனாச்சும் புடிச்சிக்கிட்டா? வேல குடும்பத்த விட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் ஒத்துக்கிட்டேன்."

"ஆமா அண்ணே," என்றாள் என் மனைவி. "குடும்பம்னா நீங்க ஒரு ஆள்தானே." வழக்கமாகக் கொடுக்கும் தேத்தண்ணியை அன்று அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "நாளைக்குப் போயி டீமேக்கரப் பாருங்க. பாக்கலன்னா, நான் இந்த வயித்தோட ஸ்டோருக்கு வந்து கேப்பேன்."

அவள் வருவாள். காலையில் ஸ்டோருக்கு இறங்கும் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் வாசலில்தான் நின்றார். "ஐயா, சல்லடையில இருமல்..." என்று தொடங்கினேன். மீதி வரவில்லை.

"மாடிக்குப் போறியா?" என்றார் அவர். "கொழுந்து வாட்ட ஆள் வேணும், ஆள் வேணும்னு எத்தன நாளாக் கத்திக்கிட்டு இருக்கேன். நீ பேசாமயே நின்ன. ஒனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சேன்."

மச்சான் அந்த மண்டபத்து வேலையைக் குடும்பத்துக்காக இன்றுவரை வைத்திருக்கிறார். நான் அன்றைக்கே மாடிக்கு ஏறினேன். பச்சைக் கொழுந்தைப் பரப்பிவிட்டு, அது வாடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. அங்கே தூசு இல்லை. பேச ஆளும் இல்லை. எனக்கு இரண்டுமே தோதாக இருந்தது.